குதிருக்குள் இறங்கிய குரல்: டெல்மர் குச்சேரா அவர்களுக்குப் பணி நிறைவுப் பாராட்டு மடல்

நெப்ராஸ்காவின் கூப்பர் ஃபோர்க் கவுண்டி அவசர அழைப்பு மையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்து, ஆயிரமாயிரம் அலறல்களுக்கு அமைதியை விடையாக அளித்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அருமை அண்ணன், உயர்திரு டெல்மர் குச்சேரா அவர்களுக்கு, உடன் பணிபுரிந்தோர் ஒருமித்து வாசித்தளிக்கும் மடல்.

காற்று ஓயாத சமவெளியின் கனிந்த குரலே!
கதறி அழைத்தோர் கைநடுக்கம் தணித்த காவலரே!
ஏறுகளை ஏலம் விட்ட நாவால் எங்கள் ஊர் உயிர்களை இழுத்துப் பிடித்த ஏந்தலே!
சூடான காப்பியை ஒருநாளும் சூடாகக் குடிக்கக் கொடுத்துவைக்காத செம்மலே!
லோயிஸ் அம்மையாரின் நெடும்பொறுமைக்குக் கிடைத்த நிகரற்ற பரிசே!

வணக்கம்!

தீயணைப்பு வண்டிகளை முற்றத்தில் நிறுத்திவிட்டு, அவை நின்ற இடத்தில் நாற்காலிகளைப் போட்டு, உங்களை முன்வரிசையில் உட்கார்த்தி வைத்திருக்கிறோம். பக்கத்துக் கவுண்டித் தோழர்கள் நம் அழைப்புகளை இந்த மாலைக்கு மட்டும் எடுத்துக்கொள்ள மனமுவந்து இசைந்திருக்கிறார்கள். உங்கள் துணைவியார் லோயிஸ் அம்மையார் சுட்டுவந்த பாதாமிப்பழக் கொலாச்சி ரொட்டிகள் மேசைமேல் மணக்கின்றன. மடல் முடியும்வரை அவற்றை யாரும் தொடக்கூடாது என்பது ஷெரிஃப்பின் ஆணை. அதனால் மடல் சுருக்கமாக இருக்கட்டும் என்றும் அவரே கேட்டுக்கொண்டார். எழுதும் பொறுப்பு, உங்கள் இடப்பக்க மேசையில் இத்தனை காலம் அமர்ந்த ரோவீனாவின் தலையில் விழுந்ததால், அந்த வேண்டுகோளை நிறைவேற்ற இயலவில்லை என்பதை வருத்தமின்றித் தெரிவித்துக்கொள்கிறோம்.

அண்ணலே! நீங்கள் இந்த வேலைக்குப் பிறந்தவர் அல்லர். மாட்டுச் சந்தைக்குப் பிறந்தவர். ஊரின் ஏலக் கொட்டகையில் மேடையேறி நின்று, மூச்சுவிடும் இடைவெளியில் மூன்று மாடுகளை விற்றுவிடும் மின்னல் நாவுக்குச் சொந்தக்காரராய் இருந்தீர்கள். கொட்டகையின் உரிமையாளர் காலமாகி, அவர் பிள்ளைகள் அதை இழுத்துப் பூட்டியபோது, அன்றைய ஷெரிஃப் உங்களைத் தேடி வந்தார். "இருவது பேரு ஒரே நேரத்துல கத்தும்போது எவன் என்ன வெல கேட்டான்னு தெரிஞ்சு வச்சுக்கறவன், அழுதுகிட்டே பேசற ஒரு ஆளோட பேச்சப் புரிஞ்சுக்க மாட்டானா?" என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் பேசுவதைப் பிறர் புரிந்துகொள்வார்களா என்பதை யோசிக்க அவர் மறந்துவிட்டார்.

முதல் வாரத்தில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தார். ஆம்புலன்ஸுக்கு நீங்கள், வண்டிகளோடு பேசும் வானொலியில், ஏல வேகத்திலேயே செய்தி சொன்னீர்கள். ஊர்தி ஓட்டியவர் நம் வெண்டல். டயர் கடை நடத்திக்கொண்டே தீயணைப்புத் தொண்டர்களுக்கும் தலைவராய் இருக்கும் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டெல்மரு, கடைசி வெல என்ன, யாருக்கு முடிஞ்சுதுங்கறதெல்லாம் புரிஞ்சுது. நான் எங்க போகணும்? அத மட்டும் இன்னொரு தடவ சொல்லிடு."

அன்று முதல் வீட்டில் பயிற்சி எடுத்தீர்கள். "உப்ப... கொஞ்சம்... இந்தப் பக்கம்... தள்ளு" என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் சூப் ஆறிப்போனதை லோயிஸ் அம்மையார் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். அப்படிச் சொல் சொல்லாக நாவுக்குக் கடிவாளம் போட்டு, மலைப்பாதையில் வண்டி இறக்குவது போல் பேச்சை இறக்கப் பழகிய அந்த விடாமுயற்சிக்கு எங்கள் முதல் வணக்கம்!

இந்தக் கவுண்டியில் வீடுகளைவிட வேலிகள் அதிகம். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், "வீட்லதான், வேற எங்க?" என்று பதில் சொல்லும் மக்களை வைத்துக்கொண்டு வேலை பார்த்தீர்கள். எரிந்துபோன லூத்தரன் கோயிலுக்குக் கிழக்கே என்றாலும், செத்துப்போன ஹான்சனின் பழைய பண்ணைக்கு எதிரே என்றாலும் உங்களுக்கு வழி தெரிந்தது. ஒருமுறை, காட்டு வான்கோழி ஒன்று வாசலில் நின்று தம்மை வெளியே விடவில்லை என்று ஒருவர் அழைத்தார். "அது என்னையே மொறைக்குதுங்க!" என்றார். "நீங்களும் மொறைங்க. ஆனா பின்வாசல் வழியா போய் மொறைங்க. இந்த நம்பரு உசுருக்குப் போராடறவங்களுக்கு, சரியா?" என்றீர்கள். கண்டிப்பும் கனிவும் ஒரே மூச்சில் வெளிவந்த அந்த நயத்தை நாங்கள் யாரும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நிற்க. இங்கே கூடியிருப்போர் எதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மூன்றாம் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் ஆர்வில் நோவோட்னி அவர்களுக்கும் தெரியும். தொலைபேசியில் கேட்டதை வெளியே சொல்லாதவர் நீங்கள். இந்தக் கதையும் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. ஆர்விலின் துணைவியார் ஜெனிவாதான் இதை ஊரறியச் செய்தார். இன்று இதை வாசிக்க ஆர்வில் அவர்களே இசைவு தந்தார், ஒரே நிபந்தனையோடு: ஜெனிவா வாசிக்கக் கூடாது, ரோவீனா வாசிக்க வேண்டும்.

ஏலக் கொட்டகையின் கடைசி ஆண்டில், ஒரு செவலைக் காளையை நீங்கள் ஆர்வில் பெயருக்கு முடித்தீர்கள். தாம் விலையே கேட்கவில்லை என்றும், முகத்தில் மொய்த்த ஈயை ஓட்டக் கையைத் தூக்கியதை ஏலக்காரர் தவறாக எடுத்துக்கொண்டார் என்றும் ஆர்வில் வீட்டிலும் ஊரிலும் சொன்னார். வந்த காளையோ பசுக்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பதினோரு ஆண்டுகள் அவர் உங்களோடு பேசவில்லை. நீங்கள் காப்பி குடிக்கும் கடைக்கு அவர் வருவதில்லை. கோயிலில் நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்தால் அவர் இடப்பக்கம். ஜெனிவா அம்மையாரும் உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீங்கள் ஒருநாளும் ஒரு விளக்கமும் சொன்னதில்லை.

பின்பனிக்கால நண்பகல் ஒன்றில் ஜெனிவாவிடமிருந்து அந்த அழைப்பு வந்தது; எடுத்தது நீங்கள்.

"டெல்மரு, ஆர்வில் குதிருக்குள்ள மாட்டிக்கிட்டாரு! கட்டிதட்டிப்போன சோளத்த ஒடைக்க எறங்கினாரு. சோளம் உள்ள இழுக்குது, மாரு வரைக்கும் வந்துடுச்சு!"

இரும்புக் குதிர், வீட்டைவிட உயரம், உள்ளே மக்காச்சோளம். அடியில் சோளத்தை வெளியே தள்ளும் மோட்டார் ஓடினால் மேலே நிற்பவரை அது புதைமணல் போல் விழுங்கிவிடும்.

"ஜெனிவா, மொதல்ல மோட்டார நிறுத்து. மத்தது எல்லாம் அப்புறம். ஓடு."

"நிறுத்திட்டேன்... நிறுத்திட்டேன்!"

"நல்லது. இப்ப ஏணியில ஏறி மேல்வாசல்கிட்ட நில்லும்மா. உள்ள மட்டும் கால் வச்சிடாத. நீயும் எறங்கினா நான் ரெண்டு பேரத் தேடணும்."

"அவரு கைய நீட்டறாரே!"

"நீட்டட்டும். நீ புடிக்காத. ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு உள்ள காட்டு."

பேசிக்கொண்டே நீங்கள் காட்டிய சைகைகளை ரோவீனா படித்துக்கொண்டாள். வெண்டலின் படை கிளம்பியது. குதிருக்குள் ஆளைச் சுற்றி இறக்கும் தடுப்புத் தகடுகள் பக்கத்துக் கவுண்டியில் இருந்தன, அவையும் கிளம்பின. இரும்பறுக்கும் ரம்பம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரையும் அழைத்தோம். ஆனால் எல்லாரும் வந்து சேர நேரமாகும். அதற்குள் ஆர்வில் அச்சத்தில் காலை உதைத்துக்கொண்டிருந்தார். உதைக்க உதைக்கச் சோளம் அவரை இன்னும் கீழே இழுத்தது. ஜெனிவா அழுது கெஞ்சியும் அவர் காதில் ஏறவில்லை.

அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "ஆர்வில், நான் டெல்மர் குச்சேரா பேசறேன்."

உதைப்பு நின்றது.

"யாரு? அந்த ஏலக்காரப் பயலா? ஜெனிவா, ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

"இன்னிக்கு இந்த நாற்காலியில நான்தான். புடிக்கலேன்னா வெளிய வந்து ஷெரிஃப்புகிட்ட சொல்லு. இப்ப ரெண்டு கையயும் நெஞ்சுக்கு முன்னால கட்டிக்க."

"நீ சொல்லி நான் கேக்கணுமாடா?"

"கேக்க வேணாம். திட்டு. பதினோரு வருசமா மனசுலயே வச்சிருக்க இல்ல? அம்புட்டையும் இப்ப எடுத்து விடு. ஆனா கத்தாத. கத்தினா மூச்சு வெளிய போயிடும், அந்த எடத்த சோளம் புடிச்சுக்கும். சின்னச் சின்னதா திட்டு, மெதுவா திட்டு. கால மட்டும் ஆட்டாத."

தம்மை வையச் சொல்லி, அதுவும் நிதானமாக வையச் சொல்லி ஒருவரைக் கெஞ்சிய பெருந்தகையை இவ்வுலகம் வேறெங்கே கண்டிருக்கிறது!

ஆர்வில் கைகளைக் கட்டிக்கொண்டார். திட்டத் தொடங்கினார்.

"அந்தக் காள... வேலியப் பாத்தே... நின்னுது. பசு பக்கத்துல போனா... நவந்து நின்னுச்சு."

"கூச்ச சுபாவம்."

"ஒரு கன்னுக்குட்டி... ஒண்ணே ஒண்ணு... கெடையாது."

"நான் காளையத்தான்டா ஏலம் விட்டேன். கல்யாணத் தரகு பாக்கலியே."

ஏணியின் உச்சியில் ஜெனிவா அழுகையும் சிரிப்புமாய்த் தொலைபேசியை நீட்டிப் பிடித்திருந்தார். இங்கே உங்கள் நெற்றியிலிருந்து வியர்வை மேசைமேல் சொட்டுவதை ரோவீனா பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் மட்டும் ஒரு நடுக்கமும் இல்லை. சந்தையில் மர நிழலில் நின்று வம்பளப்பவர் போலவே பேசினீர்கள்.

பிறகு சோளம் ஒருமுறை சரிந்தது. தோள்பட்டைக்கு வந்துவிட்டது என்றார் ஜெனிவா. ஆர்வில் குரல் சுருங்கிப்போனது.

"டெல்மரு... நான் போயிட்டேன்னா..."

"போக மாட்ட. வெண்டல் பாலத்தத் தாண்டிட்டான்."

"கேளுடா. அன்னிக்கு... ஈ எதுவும் இல்ல."

நீங்கள் காதுக்கருவியை அழுத்திப் பிடித்தீர்கள்.

"நான்தான் கையத் தூக்கினேன். அந்தக் காள மேல... ஆச. ஜெனிவா வேணாம்னு... சொல்லியிருந்தா. அதான் ஒன் மேல... பழியப் போட்டுட்டேன்."

"என்னது?" என்றார் ஜெனிவா.

"எனக்கு அன்னிக்கே தெரியும் ஆர்வில். ஒரு தடவ இல்ல, மூணு தடவ தூக்கின. எந்த ஈயும் அம்புட்டு ஒழுங்கா வராது."

"அப்ப ஏன்டா... யார்கிட்டயும் சொல்லல?"

"நீ ராத்திரி வீட்டுல போய் சாப்புடணும் இல்ல."

அப்போது ஜெனிவா அம்மையார் மேல்வாசலுக்குள் தலையை விட்டுச் சொன்ன சொல்லை இந்த ஊர் மறக்காது: "ஆர்வில் நோவோட்னி, நீங்க மொதல்ல உசுரோட வெளிய வாங்க. அப்புறம் இருக்கு ஒங்களுக்கு!"

பிறகு குதிருக்குள்ளிருந்து: "டெல்மரு... நான் இங்கயே இருந்துடவா?"

நீங்கள் சிரித்தீர்கள். ரோவீனா சிரித்தாள். ஆர்விலும் சிரிக்கப் பார்த்தார். மூச்சுக்காக நீங்கள்தான் தடுத்தீர்கள். "சிரிக்காத, சிரிக்காத. அதயும் வெளிய வந்து பாத்துக்கலாம்." அந்தப் பேச்சின் நடுவேதான் வெண்டல் வண்டியின் சங்கொலி கேட்டது. வெண்டலின் ஆட்கள் முதலில் பலகைகளைப் பரப்பி நின்று, பிறகு வந்த தகடுகளை அவரைச் சுற்றி ஒவ்வொன்றாய் இறக்கி, உள்ளிருந்த சோளத்தை வாளி வாளியாய் அள்ளினார்கள். வெளியே பண்ணைக்காரர்கள் குதிரின் இரு பக்கமும் அறுத்துத் திறந்தார்கள்; சோளம் பொன்னருவியாய்க் கொட்டியது. ஆர்வில் இடுப்பளவு விடுபட்டு, முழங்காலளவு விடுபட்டு, கடைசியில் ஒரு பூட்ஸைச் சோளத்துக்கே கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அதுவரை நீங்கள் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

துண்டித்த பிறகு எழுந்து பின்கதவு வழியாக வெளியே போனீர்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, தலை குனிந்து நின்றீர்கள். தோள் குலுங்கியதை ரோவீனா கண்ணாடி வழியாகப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த அழைப்பு மணி அடித்தபோது நீங்கள் நாற்காலியில் இருந்தீர்கள்.

விலா எலும்புகளுக்குக் கட்டுப் போட்டிருந்த ஆர்வில், நடக்கத் தொடங்கியதும் மையத்துக்கு வந்தார். வந்தார் என்பதைவிட, ஜெனிவாவால் பின்னாலிருந்து தள்ளிவரப்பட்டார் என்பதே பொருந்தும்.

"சொல்லுங்க" என்றார் ஜெனிவா.

"ரொம்ப நன்றி டெல்மரு."

"அப்புறம்?"

"...ஈ இல்ல."

"இப்ப நான் சொல்றேன்" என்று ஜெனிவா உங்கள் முன் வந்து நின்றார். "இத்தன வருசமா ஒங்களப் பாத்து மொகத்தத் திருப்பிட்டுப் போனேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அவனப் பாத்துத் திருப்பியிருப்பீங்க. நான் ஒங்கள ஞாயித்துக்கிழம மட்டுந்தான் பாக்கறேன். அவன் தினமும் பாக்கணும்."

அறை முழுவதும் சிரித்தது. ஆர்வில் மட்டும் விடவில்லை. "ஆனா அது மோசமான காளதான்" என்றார். "அத நான் எப்ப இல்லேன்னேன்?" என்றீர்கள். இன்று இருவரும் ஒரே கடையில், ஒரே மேசையில், அன்றாடம் காலையில் சண்டை போட்டுக்கொண்டே காப்பி குடிக்கிறீர்கள். அந்தக் கடையில் வேறு பொழுதுபோக்கே தேவைப்படுவதில்லை.

எல்லா அழைப்பும் இப்படிச் சிரிப்பில் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லாவிட்டால் இந்த மடல் உங்களுக்கு உண்மையாக இருக்காது. பனி உடைந்த ஏரியில் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தையோடு, உதவி வரும்வரையிலும், உதவி வந்து பயனில்லை என்று தெரிந்த பிறகும் நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். அடக்கத்தன்று கோயிலின் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். இன்னார் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வழிபாட்டில் எல்லாரோடும் சேர்ந்து நீங்கள் ஒரு வரி சொன்னபோது, முன்வரிசையிலிருந்த அந்தத் தந்தை திரும்பினார். முகத்தைப் பார்த்தறியாதவர் குரலை அறிந்துகொண்டார். எழுந்து வந்து உங்கள் அருகில் உட்கார்ந்து, வழிபாடு முடியும்வரை உங்கள் கையைப் பிடித்திருந்தார். அதற்கு மேல் நாங்கள் எழுத வேண்டியது ஒன்றுமில்லை.

எங்கள் அண்ணலே! இன்று காலை உங்கள் கடைசிப் பணிநேரத்தின் முடிவில், நம் வழக்கப்படி ஷெரிஃப் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். விடைபெறுபவரின் எண்ணைச் சொல்லி வானொலியில் அழைப்பதும், கவுண்டியெங்கும் சாலையில் இருக்கும் ஒவ்வொரு வண்டியும் வாழ்த்துச் சொல்வதும், கடைசியில் பணி முடிந்தது என்று அறிவிப்பதும் மரபு. வெண்டல் அதற்கென்றே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். "மையம் நான்கு" என்று ஷெரிஃப் தொடங்கியதும் அவசர மணி அடித்தது. நீங்கள் உள்ளங்கையைக் காட்டி ஷெரிஃப்பையே நிறுத்தினீர்கள்!

நெடுஞ்சாலையில் வைக்கோல் கட்டுகள் ஏற்றிய வண்டியில் தீ. ஓட்டிவந்த பெண் பதறினார்; உள்ளே இரண்டு நாய்கள்.

"மொதல்ல நீ எறங்கும்மா. நாய்ங்கள எறக்கு. காத்து எந்தப் பக்கம் இருந்து வருது? அந்தப் பக்கமா நட. வண்டி போனா போகட்டும். நாய்ங்க பேரென்ன?"

வெண்டல் கழுத்துப்பட்டையோடே ஓடினார். வாழ்த்துச் சொல்லக் காத்திருந்த வண்டிகள் அத்தனையும் நெடுஞ்சாலைக்குத் திரும்பின. அந்தப் பெண்ணும் நாய்களும் நலம் என்று செய்தி வந்தபோது உங்கள் நேரம் முடிந்துபோயிருந்தது. காதுக்கருவியைக் கழற்றி ரோவீனாவிடம் கொடுத்தீர்கள், மேசையைத் துடைத்தீர்கள், தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். வாழ்த்தும் சொல்லப்படவில்லை, பணி முடிந்தது என்ற அறிவிப்பும் வரவில்லை. சட்டப்படி பார்த்தால் நீங்கள் இன்னும் பணியில்தான் இருக்கிறீர்கள்.

ஆகவே அன்பரே! நீங்களும் லோயிஸ் அம்மையாரும் நோயற்ற உடலும் நொடியில் வரும் உறக்கமும் பெற்று நீடு வாழ்க! உங்கள் தூண்டிலுக்கு மீன்கள் தாமாக வந்து சேர்க! உங்கள் காப்பி இனியேனும் சூடாக இருக்க! வீட்டுத் தொலைபேசி அடித்தால் எழுந்து ஓடாதீர்கள். அது பெரும்பாலும் லோயிஸின் தங்கையாகத்தான் இருக்கும்.

இப்போது, இந்தக் கூடத்தில் இருப்போரும், வைக்கோல் புகை மணம் இன்னும் போகாத வண்டிகளோடு முற்றத்தில் நிற்போரும் தத்தம் கைவானொலியைத் திறக்க வேண்டுகிறோம். காலையில் சொல்ல விடாத சொல்லை இப்போது சொல்கிறோம். இந்த முறை யாரையும் கை காட்டி நிறுத்தாதீர்கள்.

மையம் நான்கு, மையம் நான்கு. கூப்பர் ஃபோர்க் கவுண்டி முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. டெல்மர் குச்சேரா, உங்கள் பணி முடிந்தது. இனி வரும் அழைப்பை நாங்கள் எடுக்கிறோம். வீட்டுக்குப் போங்கள், அண்ணே.

என்றும் உங்கள் அலைவரிசையில்,
அழைப்பு மையப் பணியாளர்கள், ஷெரிஃப் அலுவலகத்தார்,
ஆம்புலன்ஸ் மற்றும் தீயணைப்புத் தொண்டர்கள்,
கூப்பர் ஃபோர்க் கவுண்டி.